விரலுக்கு விரியாத எழுத்து

றிஸ்லானுக்கு அழகுப் பைத்தியம். கண் ஒபரேசன் முகாமுக்கென்று காத்தான்குடிச் சங்கமொன்று இணையதளம் கேட்டபோது, வெளிறிய சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகப் போட்டுக் கொடுத்தான். எழுத்தைப் பெருப்பித்தால் 'மாற்றப்பட்டுள்ளது' மாதிரி நீட்டுச் சொற்கள் கட்டத்துக்கு வெளியே வழிந்தன. யாரும் விரலால் விரித்து அலங்கோலமாக்கக் கூடாதென்று அந்த வசதியையும் பூட்டிவிட்டான். பார்க்கப்போவது கண் மங்கினவர்கள் என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவேயில்லை, பாருங்கள்!

மாமியார் ஆமினா உம்மாவுக்குத்தான் முதலில் காட்டினான். அவருக்கும் கண்ணில் வெண்புரை. முகாமில் இடம் கிடைத்திருந்தது. ஃபோனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், நல்லாச் செஞ்சிரிக்கீங்க மகன்" என்றார். கல்யாணம் முடித்துத் தன் வீட்டோடு வந்த மருமகனுக்கு எதிரே குரலைக்கூட உயர்த்தாதவர், அவன் வேலையில் நொட்டை சொல்வாரா?

முகாமன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவன், கண்ணில் கட்டு இல்லாமல் முற்றத்தில் நின்ற மாமியைக் கண்டான்.

"என்ன மாமி, ஒபரேசன் செய்யல்லயா?"

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மனைவி நிஸ்றாதான் சொன்னாள்.

"முகாம ஏறாவூருக்கு மாத்தினதாமே! பக்கத்திலதானேண்டு உம்மா தனியப் போய், இஞ்ச, முதல்ல சொன்ன பள்ளிக்கூடக் கேற்றடியில வெயிலுக்க நிண்டிரிக்கா. பொறகு ஏறாவூருக்குப் போனா, அவட இடத்த வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்களாம். இனி அடுத்த வருசம்தானாம்."

முகாம் இடம் மாறிய செய்தியைத் தளத்தில் ஏற்றியவனே றிஸ்லான்தான். அதுதான் போட்டாயிற்றே என்று வீட்டில் தனியாகச் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே போய், "நீங்க வெப்சைட்டப் பாக்கல்லயா மாமி?" என்று கேட்டான்.

"பாத்தன் மகன்." ஃபோனை எடுத்து, இரண்டு விரல்களை வைத்து விரித்தார். எழுத்து அசையவில்லை. திரும்பவும் விரித்தார். "இந்த ஃபோன்லதான் ஏதோ பழுது. மத்ததெல்லாம் பெருசாகுது, இது மட்டும் ஆகுதில்ல. ஒங்கட வேலையில ஒரு குறையுமில்ல."

அந்த விரல்களைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"ஃபோன்ல பழுதில்ல மாமி! நான்தான் பெருசாக்க ஏலாமப் பூட்டி வெச்சிரிக்கன். வடிவு கெட்டுப்போகுமெண்டு, நான்தான்..."

ஆமினா உம்மா பதறிப்போய் எழும்பி, தட்டித் தடவி ஜன்னலைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்க மகன், அடுத்த வூட்டாக்களுக்குக் கேட்டிரும். நான் கண்ணாடி போடாமப் பாத்ததாலதான் இடம் மாறினது தெரியல்லெண்டு எல்லாருக்கும் சொல்லியிரிக்கன்."