பந்தயத்தில் வைத்த டி.வி.

ஆறு ஆட்டங்கள் என்று அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். டென்னிஸ், ஹாக்கி, கால்பந்து, இன்னும் மூன்று. வியர்வை வழிய ஒரு வெள்ளைக்காரன் மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கும் படமும் இருந்தது. டி.வி.யில் இணைத்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் குச்சிகளும் ஒரு புள்ளியும் மட்டும் வந்தன. குமிழைத் திருகினால் குச்சி மேலும் கீழும் நகரும். புள்ளியைத் தட்டித் திருப்ப வேண்டும், தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். ஹாக்கிக்கு மாற்றினால் குச்சிகள் நான்காயின. கால்பந்துக்கு மாற்றினால் ஓரத்தில் ஒரு கோடு முளைத்தது. மற்றபடி அதே புள்ளிதான்.

“ஆறுன்னு சொல்லி ஒண்ணைத் தந்திருக்கான்லே” என்றான் கபீர். “ஹாங்காங்காரன் நம்மளைவிடப் பெரிய வியாபாரி.”

அஹமது கபீர் காயல்பட்டினத்துக்காரன். தூத்துக்குடியில் தங்கி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் சப்ளை செய்துகொண்டிருந்தான். நான் புதுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் டாலி கிளார்க். மூட்டைகளை எண்ணுகிற வேலை. கப்பலின் ஏணியடியில் தினமும் பார்த்துப் பார்த்தே சிநேகிதமானோம். ஹாங்காங்கிலிருந்து அவனுடைய மச்சான் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆனால் அவனிடம் டி.வி. கிடையாது.

என்னிடம் இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஹென்றி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மெட்ராசுக்கு டி.வி. வந்துவிட்டது, தூத்துக்குடிக்கு வராமலா போகும் என்பது அவன் கணக்கு. வரவில்லை. முதல் நாள் தெருவே கூடி எங்கள் வீட்டில் உட்கார்ந்து, திரையில் எறும்பு ஊர்வதுபோல் நெளிந்ததை அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனது. அதற்குப் பிறகு என் மனைவி இசபெல்லா அதன்மேல் ஒரு பூத்தையல் துணியைப் போட்டு, பிளாஸ்டிக் ரோஜாக்களை வைத்துவிட்டாள். எழுபத்தெட்டில் கபீர் பெட்டியோடு வந்தபோதுதான் அந்தத் துணி விலகியது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். நாங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது கபீர் வாசலில் நிற்பான். இசபெல்லா சீலா மீன் குழம்பு வைப்பாள். சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஆடுவோம். முதலில் பதினைந்து பாயிண்ட் எடுத்தவனுக்கு வெற்றி. பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். எளிதாக இல்லை. பதினைந்துக்குப் பதின்மூன்று, பதினைந்துக்குப் பதினான்கு என்று இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஜெயிப்பேன். கபீர் தொடையில் ஓங்கி அடித்து, “அடச்சே! கைக்குள்ள வந்தது போயிட்டே” என்பான். என் மகள் பிளாரன்ஸ் கைதட்டுவாள்.

“உங்க அப்பாவுக்கு விரல்ல கண்ணு இருக்குதும்மா” என்று அவளிடம் சொல்வான்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, எந்த விளையாட்டிலும் நான் ஜெயித்ததில்லை. கேரம் பலகையில்கூட என்னைச் சேர்த்துக்கொண்டால் ஜோடிக்காரன் முகம் சுளிப்பான்.

மாலுமிகள் கப்பலில் போட்டுவிட்டுப் போகும் இங்கிலீஷ் பத்திரிகைகளை நான் வீட்டுக்கு எடுத்து வருவேன். முன்பெல்லாம் அரசியலும் புத்தக மதிப்புரையும் படிப்பேன். இப்போது கடைசிப் பக்கத்து விளம்பரங்களைத் தேடினேன். வரப்போகும் புதிய விளையாட்டுகளைப் பற்றி அங்கேதான் போடுவார்கள். ஒரே பெட்டி, அதில் சின்ன டப்பாக்களைச் செருகினால் ஆட்டம் மாறுமாம். ஒன்றில் டாங்கிகள் சுட்டுக்கொள்ளும். ஒன்றில் செங்கல் சுவரைப் பந்தால் உடைக்க வேண்டும். ஒன்றில் கார் ஓட்டலாம். ஆறு ஆட்டத்தில் ஒருமுறை ஏமாந்தவன் என்பதால் படங்களை நான் நம்பவில்லை. அட்டையில் வரைகிறவனும் உள்ளே கம்பி இணைக்கிறவனும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது என்பது என் முடிவு. ஆனால் அந்தச் செங்கல் சுவரை மட்டும் நம்பினேன். இருக்கிற குச்சியையும் புள்ளியையும் வைத்தே அதைச் செய்துவிடலாம். ஒரு புள்ளி சுவரைத் துளைத்து மறுபக்கம் போய், அங்கேயே மாட்டிக்கொண்டு தானாக உடைத்துக்கொண்டிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். டாலி எழுதும்போதுகூட அந்த நினைப்பு வந்தது.

“இதுல இன்னொரு சங்கதி பாத்தியா?” என்றேன் கபீரிடம். “செங்கல் ஆட்டத்துக்கு எதிராளி தேவையில்ல. ஒத்த ஆளே ஆடிக்கலாம்.”

“அதுல என்னலே இருக்கு? தோத்தா யாரைப் பாத்துச் சிரிக்கது?”

மறுவருஷம் கார்த்திகை மழை முடிந்த சமயம், உரம் ஏற்றிக்கொண்டு ஒரு நார்வே கப்பல் வந்தது. அதன் செகண்ட் எஞ்சினியர் ஈனார். நெடுநெடுவென்று வளர்ந்த, சிரித்த முகமுள்ள மனிதன். கபீர்தான் கப்பலுக்குப் போய்வந்து விஷயத்தைச் சொன்னான். டப்பா செருகுகிற அந்தப் புதுப் பெட்டி ஈனாரிடம் இருக்கிறது. செங்கல் ஆட்டமும் இருக்கிறது. ஆனால் ஐரோப்பா ஓரத்துப் பிஸ்கே கடலில் அடித்த புயலில் கப்பலின் டி.வி. உருண்டு விழுந்து நொறுங்கிவிட்டது. இனி ஜப்பான்வரை டி.வி. இல்லாமலே போக வேண்டும்.

“உன்கிட்ட இருக்கது அவன்கிட்ட இல்ல, அவன்கிட்ட இருக்கது உன்கிட்ட இல்ல” என்றான் கபீர். அதைச் சொல்லி என் ஆசையைக் கிளப்பிவிட்டவன் அவன்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் துறைமுக வாசலுக்கு வெளியே உள்ள மாலுமிகள் கிளப்பில் ஈனாரைப் பார்த்தோம். விலை பேசினால் விற்க மாட்டேன் என்றான். எனக்கும் டி.வி.யை விற்க மனமில்லை. கிரேன் ஓட்டுகிற அய்யாக்குட்டி கூடவே இருந்தான். அவன்தான் ஆரம்பித்தான்.

“எங்க அம்புரோஸ் அண்ணாச்சியை இந்த ஆட்டத்துல ஒரு வருசமா எவனும் ஜெயிச்சதில்லன்னு சொல்லுங்க அவன்கிட்ட.”

எவனும் என்றால் ஒரே ஒருவன்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஈனார் சிரித்தான். எங்கள் கப்பலிலும் அந்தப் பழைய பெட்டி இருந்தது, நானும் மோசமில்லை, ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போமா என்றான். நான் ஜெயித்தால் புதுப் பெட்டியும் டப்பாக்களும் எனக்கு. அவன் ஜெயித்தால் டி.வி. அவனுக்கு.

நான் கபீரைப் பார்த்தேன். அவன் தேநீர் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன சொல்லுத?”

“உன் டி.வி. உன் இஷ்டம்” என்றான்.

“ஜெயிச்சிருவேன்லா?”

அவன் ஒரு வாய் தேநீர் குடித்தான். “உனக்கென்னலே, விரல்ல கண்ணு வச்சிருக்கவன்” என்றான்.

நான் ஈனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

மறுநாள் டி.வி.யைப் போர்வையில் சுற்றி, ஆட்டப் பெட்டியோடு கபீரின் சப்ளை வேனில் ஏற்றினோம். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அது ஆடாமல் இருக்க வேண்டுமென்று அவன் வேனை மெதுவாக ஓட்டினான். உப்பளத்துச் சாலை நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காகக் கவலைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளப்பில் முப்பது பேராவது இருந்தார்கள். கப்பல்காரர்கள் ஒரு பக்கம், துறைமுகத்து ஆட்கள் ஒரு பக்கம். ஆட்டத்தைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. என் வீட்டில் புள்ளி என் குச்சியைத் தேடி வரும். அங்கே அது நான் இல்லாத இடத்துக்கெல்லாம் போனது. ஈனார் கெட்டிக்காரன்கூட இல்லை. சீராக, சாதாரணமாக ஆடினான். அவன் ஒன்பது எடுத்தபோது நான் இரண்டு. வியர்வையில் குமிழ் வழுக்கியது. கடைசியில் பதினைந்துக்கு நாலு.

“டி.வி. குழாய் சூடாயிருக்கும் அண்ணாச்சி, அதான்” என்றான் அய்யாக்குட்டி. எங்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஈனார் என் முதுகில் தட்டினான். அவனுடைய ஆட்கள் டி.வி.யைத் தூக்க எழுந்தார்கள். அப்போதுதான் கபீர் முன்னால் வந்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “நான் ஒண்ணு ஆடுதேன். தோத்தா இந்த ஆட்டப் பெட்டியையும் அவனையே எடுத்துக்கச் சொல்லு. ஜெயிச்சா டி.வி.யைத் தந்திரணும்” என்றான்.

பாவம், எனக்காக அவனுடைய பெட்டியையும் தொலைக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வேண்டாம் என்று அவன் தோளைக்கூடப் பிடித்தேன். ஈனார் சரி என்று சிரிக்க, கபீர் என் கையை விலக்கிவிட்டு உட்கார்ந்தான்.

என் வீட்டில் ஒரு வருஷமாக எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அல்ல அது. உடம்பு அசையவில்லை. இரண்டு விரல் மட்டும் குமிழில். புள்ளி வருவதற்கு முன்பே குச்சி அங்கே நின்றது. குச்சியின் நுனியில் வாங்கி மூலைக்கு வெட்டி விட்டான். அப்படி வெட்ட முடியும் என்பதே எனக்குத் தெரியாது. பதினைந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவன் மூக்கைச் சொறியப் போனபோது போனது. தொடையில் அடித்துக்கொள்ளவில்லை. அடச்சே என்றும் சொல்லவில்லை.

முப்பது பேரும் கைதட்டினார்கள். ஈனார் எழுந்து அவன் கையைக் குலுக்கி, இன்னொரு ஆட்டம், இந்தமுறை புதுப் பெட்டிக்கே ஆடுவோம் என்றான். கபீர் என் பக்கம் திரும்பினான். என் முகத்தில் என்ன பார்த்தானோ, போதும் என்று தலையாட்டிவிட்டு வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

வேனில் திரும்பும்போது நான்தான் கேட்டேன்.

“எத்தனை நாளா?”

“விடுலே.”

“எத்தனை நாளான்னு கேக்கேன்.”

“மொத நாள்லேருந்து” என்றான். வண்டியை ஓரமாக நிறுத்தினான். “உன் வீட்டுல உக்காந்து, தங்கச்சி கையால சோறு தின்னுட்டு, உன் பிள்ளை முன்னால உன்னைத் தோக்கடிக்கவா? எங்க வாப்பா என்னை அப்படி வளக்கல.”

“அப்ப உன் இடத்துல வச்சு ஆடியிருக்கலாமே.”

“என் இடத்துக்கு வந்த விருந்தாளியவா ஜெயிக்கது?” உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டான்.

“நேத்து சொல்லியிருக்கலாம்லா? நான் கையைக் குடுக்கதுக்கு முன்னால. உனக்குப் பதிலா நான் ஆடுதேன்னு ஒரு வார்த்தை.”

“அய்யாக்குட்டி முன்னாலயா? அம்புரோஸ் ஆட மாட்டான், நான் ஆடுதேன்னா? உனக்கு அது மரியாதையா?”

“இன்னைக்கு நடந்தது மரியாதையோ?”

அவன் வண்டியைக் கிளப்பினான். உப்பு ஏற்றிய லாரி ஒன்று வேனை உரசுவதுபோல் கடந்து போனது. அந்தப் புதுப் பெட்டியை அவன் நினைத்திருந்தால் முதல் ஆட்டத்திலேயே எடுத்திருக்கலாம். செங்கல் சுவர் இந்நேரம் என் வீட்டுத் திரையில் உடைந்துகொண்டிருக்கும். ஆனால் அதைவிட, பழைய ஞாயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்ததுதான் என்னை அரித்தது. அடிபட்ட அந்தத் தொடை. பதினான்குக்குப் பதினான்கில் ஒரு நூலிழை தாமதமாக வந்த அவனுடைய குச்சி. அத்தனை துல்லியமாகத் தோற்க, ஜெயிப்பதைவிடத் திறமை வேண்டும். ஒருவேளை ஒன்றிரண்டு பாயிண்ட் நானே எடுத்ததாக இருக்கலாம். எவை என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

வீட்டில் டி.வி.யைப் பழைய இடத்தில் வைத்ததும் இசபெல்லாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கபீர் இத்தனை நாளா எனக்கு விட்டுக்குடுத்திருக்கான்.”

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“பாத்தா தெரியாதா?” என்றாள். “பிளாரன்சுக்கே தெரியும். நீங்க அந்தச் சாயங்காலம் முழுக்கச் சந்தோசமா இருப்பீங்க. அதைப் போயி யாரு கெடுப்பா?”

அந்த வாரம் ஈனாரின் கப்பல் உரத்தை இறக்கிவிட்டு, உப்பு ஏற்றிக்கொண்டு போனது. கடைசி மூட்டைவரை நான்தான் எண்ணினேன். அய்யாக்குட்டி கிரேனில் இருந்தபடியே, “அண்ணாச்சி, கபீர் பாய்கிட்ட டியூஷன் போகலாம்லா?” என்று கத்தினான். கீழே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். கபீர் வாசலில் நின்றான். என்றைக்கும் போல ஆட்டப் பெட்டியைக் கக்கத்தில் வைத்திருந்தான். இசபெல்லா உள்ளே கூப்பிட்டாள். வழக்கத்துக்கு மாறாக நானே டி.வி.யைப் போட்டு, சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்தேன்.

“கிளப்ல ஆடினியே, அப்படி ஆடு” என்றேன். “ஒரே ஒரு தடவை. என் இத்தனை நாள் ஆட்டம் என்ன லெச்சணம்னு நான் பாக்கணும்.”

“சரி” என்றான்.

ஆடினோம். ஏழுக்கு ஒன்று என்று அவன் முன்னால் போனான். எட்டுக்கு ஒன்று. எனக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போது பிளாரன்ஸ் வந்து கதவோரம் நின்றாள். அவன் கண் ஒரு கணம் அவள் பக்கம் போய்த் திரும்பியது. அடுத்த புள்ளிக்கு அவன் குச்சி ஒரு நூலிழை தாமதமாக வந்தது. அதற்கடுத்ததற்கும்.

நான் டி.வி.யை அணைத்தேன். இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போ, இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இசபெல்லா இலையைப் போட்டுவிட்டாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவனிடம் அதைச் சொல்ல முடியவில்லை. நானே கரண்டியை வாங்கி மீனின் நடுத்துண்டத்தை அவனுக்கு வைத்தேன்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்துரு கபீர்” என்றேன். “நீ இல்லாம எனக்குப் பொழுது போகாது.”

அவனுடைய பழைய “அடச்சே” மாதிரிக் குரல் நன்றாகவே வந்தது. இசபெல்லாவுக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. கபீர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இலையில் பிசைந்த சோற்றில் அவன் விரல்கள் அப்படியே நின்றன.

“வாரேன்” என்றான். பிறகு தலையைக் குனிந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தான்.