எல்லாவற்றையும் இணைக்கவா?

புதுப் போன் கைக்கு வந்தால் இன்பாஸுக்குக் கால் நிலத்தில் பாவாது. கிண்ணியாவில் சீமெந்துக் கடை வைத்திருக்கிறவனுக்குப் போனில் என்ன இவ்வளவு பெருமை என்று கேட்டுவிடாதீர்கள், அரை மணி நேரம் விளக்கம் சொல்லுவான். அந்த வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே பழைய போனில் கிடந்த பெயர்களை எல்லாம் புதியதில் இறக்கினான். இறக்கிவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பெயரும் இரண்டு தரம், மூன்று தரம் நிற்கிறது.

பழைய போனில் அவனுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒன்று வீட்டு சிம், சொந்தபந்தம் முழுக்க அதில். மற்றது கடை சிம், வியாபாரம் முழுக்க அதில். ஆகவே கொழும்பில் ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் மனைவியின் தம்பி ரிஷாத், வீட்டு சிம்மில் வெறும் 'ரிஷாத்'. துறைமுகத்திலிருந்து சீமெந்து ஏற்றி வரும் தோப்பூர் லொறிக்காரனும் கடை சிம்மில் வெறும் 'ரிஷாத்'. ஊரையோ தொழிலையோ பெயருக்குப் பின்னால் போடவேண்டிய தேவையே அவனுக்கு இருக்கவில்லை. புதுப் போனோ இரண்டு சிம்மையும் ஒரே பட்டியலில் கொட்டிவிட்டது.

'ஒரே பெயர் உள்ளவை 143. எல்லாவற்றையும் இணைக்கவா?' என்று கேட்டது போன்.

"இஞ்சேருங்க, ஒவ்வொண்டாத் திறந்து நம்பரைப் பாத்துச் சேருங்க. அதுக்கு முதல் பட்டியலை ஒரு கொப்பி எடுத்து வைங்க" என்றாள் ஹுஸ்னியா.

"சும்மா இருகா! நூத்தி நாப்பத்தி மூண்டையும் இருந்து பாக்க எனக்கென்ன விசரா?"

'ஓம்' என்பதை அமத்தினான். பட்டியல் ஒரு நொடியில் சுருங்கிவிட்டது. பாத்தியா என்று மனைவிக்கு முன்னால் போனை ஆட்டிக் காட்டவும் செய்தான், பாவி மனிதன்.

ஞாயிறு விடிய, சுபஹு தொழுத பாயிலேயே சரிந்த ஹுஸ்னியாவின் உம்மா பிறகு எழும்பவில்லை. வீடு கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிட்டது. மதியம் லுஹர் தொழுகைக்கே அடக்கிவிடலாம் என்றார்கள் பள்ளிப் பெரியவர்கள். உம்மாவுக்கு ஒரே ஆண்பிள்ளை ரிஷாத், அவன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்று ஹுஸ்னியா அழுத அழுகையில் பின்னேரம் அசர் வரைக்கும் தவணை தந்தார்கள். கொழும்பில் ஏழு மணிக்கு பஸ் ஏறினால் எப்படியும் அசருக்கு முன் வந்துவிடலாம்.

"நீங்க கோல் எடுத்துச் சொல்லுங்க. எனக்குக் கதைக்க ஏலா" என்றாள்.

ஓம் என்று முற்றத்துக்கு வந்தான் இன்பாஸ். ரிஷாத் என்ற பெயரைத் திறந்தான். அழைக்கிற இடத்தில் விரலை வைத்தவன் திரும்ப எடுத்துவிட்டான். அந்தப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை உம்மா என்று கதறுவானே, அதை எப்படிக் காதால் கேட்பது? கடைக்கு முன்னால் லொறிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிற ஆளுக்கு இந்த இடத்தில் துணிவு வரவில்லை. பேசாமல் மெசேஜ் ஒன்றைத் தட்டினான்: 'உம்மா மௌத்தாயிட்டா. அசருக்கு அடக்கம். உடனே வா.'

உடனேயே பதில் வந்தது. 'இன்னாலில்லாஹி. வாறன் காக்கா.'

காக்காவாம்! மச்சான் என்று கூப்பிடுகிறவன் இன்றைக்கு அண்ணன் முறை வைத்துக் காக்கா என்கிறானே என்று ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் போதும். துக்கத்தில் இருக்கிறவனுக்கு முறை எங்கே நினைவிருக்கப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனான்.

"சொல்லிட்டன். வாறான். பஸ்ஸில அழுதழுது வாறவனை ஒருத்தரும் கோல் எடுத்துக் கரைச்சல் படுத்தாதீங்க. போனில சார்ஜும் இறங்கிரும்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் கட்டளையும் போட்டான். ஹுஸ்னியா தன் போனைக் கையில் எடுத்துவிட்டு, அவன் சொன்னதற்காகத் திரும்ப வைத்துவிட்டாள்.

உம்மாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். மகனுக்காக முகத்தை மட்டும் மூடாமல் வைத்தார்கள். ஒன்றரைக்கு இன்பாஸ் மெசேஜ் போட்டான்: 'எங்க வாறாய்?' பதில் வந்தது: 'கந்தளாய் தாண்டிட்டன்.' கொழும்பு பஸ்ஸும் கந்தளாயைத் தாண்டித்தானே வரவேண்டும்? கணக்கெல்லாம் சரியாக இருந்தது. சந்தூக்குப் பெட்டியில் உம்மாவைத் தூக்கும்போது முன் பக்கம் மகனுக்கு என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள்.

இரண்டரைக்கு வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. சீமெந்துத் தூசி படிந்த சேட்டோடு தோப்பூர் ரிஷாத் இறங்கி ஓடி வந்தான்.

"மெசேஜைக் காணக்குள்ள தூரத்தில லோட்டோட நிண்டன், கந்தளாயில இறக்கிட்டு நேரா வாறன் காக்கா. என்னையும் ஒரு ஆளா நினைச்சு சொல்லியிருக்கீங்களே" என்று இன்பாஸின் கையைப் பிடித்தான்.

அந்த ஈரமான கை தன் கைக்குள் இருக்கும்போதே இன்பாஸுக்கு விளங்கிவிட்டது. போனை எடுத்துப் பார்த்தான். ஒரு பெயர், அதற்குக் கீழே இரண்டு நம்பர். மெசேஜ் போன முதல் நம்பர் லொறிக்காரனுடையது, மச்சினனின் நம்பர் இரண்டாவதாகக் கிடந்தது.

வாசலுக்கு வந்த ஹுஸ்னியா லொறியைப் பார்த்தாள், கணவனின் முகத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்துத் தானே தம்பிக்கு அடித்தாள். "தம்பி..." என்று அழுதழுது சொன்னாள், அவன் இன்னும் கொழும்பில்தான் இருந்தான். நாளை வரைக்கும் வைக்க ஏலாதா என்று பெரியவர்களைக் கேட்டாள். விடியலிலிருந்து கிடக்கிற மையத்தை, இந்த வெக்கையில் இன்னும் வைத்திருப்பது உம்மாவுக்கே பாரம் பிள்ளை என்று மெதுவாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளே போய் உம்மாவின் முகத்தை மூடினாள். சந்தூக்கின் முன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்கு யாரோ ஒரு தோளைக் கூப்பிட, விஷயம் எதுவும் தெரியாத தோப்பூர் ரிஷாத் வந்து குனிந்து தூக்கினான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை மையவாடியில், ஈரம் காயாத மண்ணுக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ரிஷாத் குந்தியிருந்தான். அடிப்பான், ஏசுவான் என்று எதிர்பார்த்து வந்த இன்பாஸ் பின்னால் நின்றான்.

"நேத்து எனக்கு லீவு மச்சான்" என்றான் ரிஷாத், திரும்பாமலே. "ரூமிலதான் கிடந்தன். காலையில இருந்து போன் கையிலதான் இருந்திச்சு. ஒரு கோல் எடுத்திருந்தா வந்திருப்பனே."

போன் பிழை விட்டுவிட்டது என்று சொல்ல இன்பாஸ் வழி முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். இப்போது அதை அப்படியே விட்டுவிட்டான்.

"எடுக்கத்தான் போனன் ரிஷாத். நீ அழுறதைக் கேக்கப் பயந்துதான் மெசேஜ் போட்டன். கோல் எடுத்திருந்தா அந்தப் பொடியன்ட குரல் அப்பவே விளங்கியிருக்கும்."

ரிஷாத் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். பிறகு மண்ணில் இரண்டு கையையும் ஊன்றி, உம்மா என்று கதறத் தொடங்கினான். இன்பாஸ் பக்கத்தில் குந்தி, அவன் ஓய்கிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.