பாத்து, மாத்து

எங்கள் சலவைக்கூடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அதனால்தான் நான் அங்கே சூப்பர்வைசராக இருக்க முடிந்தது.

ஒரு சுவர் நெடுக துவைக்கும் மெஷின்கள். எதிர்ச்சுவரில் உலர்த்தும் மெஷின்கள். நடுவில் ரோலர். ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து உள்ளே விட்டால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் சூடாக வெளியே வரும். எல்லாம் ஓடும்போது எல்லோரும் கையை ஆட்டி, வாயை அகலத் திறந்துதான் பேசுவார்கள். நானும் அப்படியே. மெஷின் நின்றால் அவர்கள் காதுக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்குத் திரும்பிப்போக இடமில்லை.

முதலில் காலிங்பெல் போனது. அடுத்து மாமியாரின் குரல். அதை நான் நோய் என்று நினைக்கவில்லை. பிறகுதான் மனைவி.

"டிவியைக் கொறைங்க. பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம நியூஸைக் கேட்டே பழகி அவங்க டிவியை வித்துட்டாங்க."

"என்னது?"

"டாக்டரைப் பாருங்க."

"எதுக்கு?"

"காதுக்கு!"

"என்னது?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

வேலையில் என்னிடம் இரண்டு சொற்கள் இருந்தன. யார் எதைச் சொன்னாலும் "அதானே". யார் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்". இவற்றை வைத்துக்கொண்டு ஒரு துறையையே நடத்தலாம். நடத்தினேன். என் குரல் எனக்கே எட்டாததால் கத்திப் பேசுவேன். எல்லோரும் என்னை 'ஸ்பீக்கர்' என்றார்கள். ஆளுமைக்குக் கிடைத்த பட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

காது போனது தெரிந்தால் சூப்பர்வைசர் நாற்காலியும் போகும் என்று நம்பினேன். அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

இந்த நிலையில்தான் ரோலருக்கு ஒரு பெண் வந்தாள். பிறவியிலிருந்தே காது கேட்காது. வேறு இரண்டு இடங்களில் ரோலர் ஓட்டியவள். துணி சிக்கினால் மெஷினில் மணி அடிக்கும். அவளுக்காக மேனேஜர் மணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கைப் போட வைத்தார். வரவேற்புப் பேச்சு என் பொறுப்பு. குரல் என்னிடம்தானே இருக்கிறது.

"காது கேக்கலைங்கறது ஒரு கொறையே இல்ல! மறைக்க வேண்டிய அவசியமே இல்ல! மாற்றுத்திறனாளிகள் நம்ம குடும்பம்!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். தட்டிய கைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் மட்டும் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். யார் வாயைத் திறந்தாலும் அவர் உதட்டுக்கே ஓடும் என் கண்களை அவளுக்குத் தெரியாதா என்ன. எனக்குத்தான் அது தோன்றவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் வந்தார். அவருக்கு மேலுதடு உண்டா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மீசை அவ்வளவு அடர்த்தி. அவளைக் கையால் காட்டி ஏதோ சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். கீழுதட்டிலிருந்து கிடைத்ததை வைத்து மீதியை நான் கட்டிக்கொண்டேன்.

'அந்தப் பொண்ணை ரோலர்ல மாத்திக்கோங்க.'

"அதானே," என்றேன்.

அவளை ரோலரிலிருந்து எடுத்து மடிப்பு மேசைக்கு அனுப்பினேன். மடிப்பு மேசையில் நெடுங்காலமாக இருப்பவளை எல்லோரும் மடிப்பக்கா என்போம். அவளை ரோலருக்கு வரச் சொன்னேன்.

"என்னையா?" அவள் வாய் வட்டமாகத் திறந்தது. "ஸ்பீக்கரண்ணே, அந்த மெஷினைப் பாத்தாலே எனக்குப் பயம்!"

"மேனேஜர் உத்தரவு."

"என் கை உள்ள போச்சுன்னா?"

"பாக்கலாம்."

புதியவள் என் முன்னால் வந்து போனை நீட்டினாள். 'ஏன்?' என்று மட்டும் இருந்தது. மேனேஜரின் அறையைக் காட்டினேன். அவள் மேசைக்குப் போய் மடிக்கத் தொடங்கினாள். அந்தக் கோபத்தில் மடித்த விரிப்பின் ஓரத்தால் காய்கறி நறுக்கலாம்.

மடிப்பக்கா ரோலரிலிருந்து எட்டி நின்று, பாம்புக்குத் தீனி போடுவதுபோல் விரிப்பை எறிந்தாள். மதியத்துக்குள் ஒன்று சிக்கியது. மணி அடித்ததாம். சிவப்பு விளக்கும் எரிந்தது. அக்கா இரண்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியிருந்தாள், மறுமுனையைப் பிடித்திருந்த பையனும் அவள் பின்னாலேயே. நான் அந்தப் பக்கம் திரும்பியபோது கருகல் வாசனை வந்துவிட்டது. புதியவள்தான் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தாள்.

மேனேஜர் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். எனக்கு உயிரே நின்றது. மெஷின் ஓடாத கூடத்தில் நான் ஒளிய இடம் கிடையாது.

அவர் அறையில் நான், மடிப்பக்கா, புதியவள். மேனேஜர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அதானே," என்றேன்.

மடிப்பக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் வாய் நல்ல வாய். எந்தச் சொல்லையும் விழுங்காது. "என்னண்ணே அதானே? அந்தப் பொண்ணை ஏன் ரோலர்ல இருந்து எடுத்தீங்கன்னு கேக்கறாரு!"

"சார்தானே சொன்னாரு, மாத்திக்கோங்கன்னு!"

மேனேஜர் மேசையைத் தட்டினார். அக்கா அவரைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். "பாத்துக்கோங்கன்னுதான் சொன்னாராம்!"

"அதைத்தானே நானும் சொல்றேன். மாத்திக்கோங்க!"

"பாத்துக்கோங்கண்ணே!"

"ஆமாக்கா, மாத்திக்கோங்க! நீங்களும் அதான் சொல்றீங்க, சாரும் அதான் சொல்றாரு, அப்புறம் எம்மேல ஏன் பாயறீங்க?"

மேனேஜரின் மீசை துடித்தது. புதியவள் சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு போனில் தட்டி, எனக்கு மட்டும் தெரியும்படி காட்டினாள்.

'ப, ம. உதட்டுல ரெண்டும் ஒண்ணு. நானும் ஏமாந்திருக்கேன். உங்களுக்குக் காது எப்பலேருந்து இல்ல?'

நான் போனைக் கவிழ்த்தேன்.

மேனேஜர் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். கோபத்தில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கடித்தார். புரிந்தது. "காது கேக்காத பொண்ணுன்னுதானே ஒதுக்கினீங்க? நேத்து அவ்ளோ பேசினீங்களே. நான் மேலிடத்துக்குச் சொல்லத்தான் போறேன்."

அவள் மறுபடி தட்டினாள். 'நீங்க சொல்றீங்களா? இல்ல, என்னைப் பிடிக்காம மாத்தினதாவே இருக்கட்டுமா?'

நியாயமான கேள்வி. யோசித்தேன். அயோக்கியனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு, காது நன்றாக இருக்கும். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு நிமிடம் அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. செவிடன் என்பதைவிட அயோக்கியன் கொஞ்சம் கம்பீரமாகத் தெரிந்தது.

ஆனால் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அயோக்கியனாக இருந்தால் அவள் நாளைக்கும் மடிப்பு மேசைக்கு வருவாளோ, வேறு இடம் தேடிப் போவாளோ.

"புரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?" என்றார் மேனேஜர்.

"கேக்கல சார்."

"ஏன் கேக்கல?"

"கேக்கல சார்."

"அதான், ஏன் கேக்கலன்னு கேக்கறேன்!"

"காது சார். காது கேக்கல."

அறை அமைதியாகிவிட்டது என்று அவர்கள் முகத்திலிருந்து ஊகித்தேன்.

மடிப்பக்காதான் முதலில் மீண்டாள். "அடப்பாவி அண்ணே! அப்ப என் வீட்டுக்காரரைப் பத்தி இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம்?"

குனிந்து மடித்துக்கொண்டே அவள் சொன்னதற்கெல்லாம், உதடு தெரியாமலே 'அதானே' போட்டிருந்தேன்.

"ஒரு மனுஷராவது என் கஷ்டத்தைப் புரிஞ்சிக்கறாரேன்னு இருந்தேனே!"

மேனேஜர் என் காதருகே குனிந்து கத்தத் தொடங்கினார். காற்று மட்டும் வந்தது. புதியவள் அவர் தோளைத் தட்டி போனைக் காட்டினாள். எட்டிப் பார்த்தேன். 'கத்த வேண்டாம். மீசையை வெட்டுங்க.' அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்ததாக அவள் காட்டியது: 'முடியாதுன்னா எழுதிக் காட்டுங்க.'

அவர் மேசையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வேலை இருக்கா சார்?" என்றேன். கூடம் முழுக்கக் கேட்டதாக அக்கா பிறகு சொன்னாள்.

மேனேஜர் எழுதினார். 'முதல்ல காது டாக்டர். லீவு தரேன். இனிமே உத்தரவெல்லாம் போன்ல எழுத்துல வரும். அவங்க ரோலருக்கு. மறுமுனையில நீங்க. வேலை போகும்னு யார் சொன்னது?'

யாரும் சொல்லவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

மெஷின்கள் மறுபடி ஓடின. நான் ரோலருக்கு முன்னால் அவளுக்கு எதிர் முனையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். என் பக்கம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது; பேச்சை விட்டு அதை இழுத்துப் பிடித்தேன்.

மடிப்பக்கா தன் மேசையை விட்டு வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். வாயை நிறுத்தி நிறுத்தி அசைத்து, வீட்டுக்காரரின் கதையை முதலிலிருந்து சொன்னாள். தப்பிக்க வழியில்லை. முழுக்கப் பார்த்தேன். அந்த மனிதர் அப்படியொன்றும் மோசமானவராகத் தெரியவில்லை.

"அவர் பக்கமும் கொஞ்சம் ஞாயம் இருக்கேக்கா," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நடந்துகொண்டே ஏதோ சொன்னாள். அது என் எதிரில் இருந்தவளின் கண்ணில் பட்டது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

முன்பென்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

"என்ன சொன்னாங்க?" என்று கையால் கேட்டேன்.

அவள் ஒரு கையால் போனை எடுத்துத் தட்டினாள். 'ரெண்டு வார்த்தை. ரெண்டும் எழுதக் கூடாதது.' போனைப் பையில் போட்டுவிட்டு அடுத்த விரிப்பை உதறினாள். அதன் ஒரு முனை என்னை நோக்கி வந்தது. பிடித்தேன்.