பாப்பா அணைக்காமல் போன கம்ப்யூட்டர்

புயல் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே ஜெனரேட்டர் வந்து இறங்கிவிட்டது. கொண்டுவந்தவர் வீட்டுக்காரரின் மைத்துனர், மனைவியின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் இந்த வீட்டில் அவருக்கு ஜெராக்ஸ் மாமா என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தவள் வீட்டுப் பெண் பாப்பா. அவள் போய் நான்கு மாதம் ஆகிறது, பெயர் மட்டும் அவர்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜெராக்ஸ் மாமா எதைக் கொண்டுவந்தாலும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசாமல் கீழே வைக்கமாட்டார். ஃப்ரிட்ஜ் போடலாம், டி.வி. போடலாம், ஃபேன் எல்லாம் ஓடும், கடையில் இரண்டு வருஷமாக இதுதான் சோறு போடுகிறது என்று அளந்துகொண்டே போனார். முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு மனிதரிடம் மின்சாரத்தைப் பற்றி வகுப்பெடுக்க அவருக்குத்தான் தைரியம் வரும். அத்தான்காரரான லிஃப்ட்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஃப்ரிட்ஜும் வேண்டாம் டி.வி.யும் வேண்டாம், ஒன்றே ஒன்று ஓடினால் போதும் என்றார். அது எது என்று யாரும் கேட்கவில்லை.

பாப்பாவின் அறையில் கம்ப்யூட்டர் நான்கு மாதமாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நாலு வயதுப் பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிட்ட வீடு அது. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை அவளுக்கு. லிஃப்ட்காரர் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். அவள் எழுந்து வேலையை ஆரம்பிப்பதை அவர் பார்த்ததே இல்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு வாரம் தெரு மின்சாரம் எகிறியதில் வாஷிங் மெஷினின் போர்டு கருகிப் போயிருந்தது. அம்மா துணியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பாப்பா கம்ப்யூட்டரில் புது மெஷின் தேட உட்கார்ந்தாள். சமையலறைச் சந்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க டேப் வேண்டியிருந்தது. வீட்டு டேப் அப்பாவின் வேலைப் பையில் போய்விட்டது. முக்குக் கடையில் ஒன்று வாங்கிவருகிறேன், பத்து நிமிஷம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். முக்கில் ஒரு லாரி ரிவர்ஸில் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பிறகு லிஃப்ட்காரர் தன் பையிலிருந்த அந்த டேப்பைத் தொடவில்லை. வேலையிடத்தில் யாரிடமாவது கடன் கேட்டுச் சமாளித்தார். அழவும் இல்லை. அழுகை வராததற்காக வருத்தமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய் இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் வாரத்தில் ஜெராக்ஸ் மாமா நல்லெண்ணத்தோடு அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கப் போனார். அக்கா குறுக்கே வந்து நின்றுவிட்டாள். அதற்குப் பாஸ்வேர்ட் உண்டு, பாப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது, ஒருமுறை அணைந்தால் பிறகு திறக்கவே திறக்காது என்றாள். கடைப் பையனிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் உடைத்துவிடுவான் என்று தம்பி சொன்னதற்கு, "அவ பூட்டுனத யாரும் உடைக்க வேணாம்" என்று முடித்துவிட்டாள்.

அப்படி வந்ததுதான் அந்த வீட்டின் வழக்கம். அந்த அறையைக் கடக்கிறவர் யாரானாலும் உள்ளே போய் மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார்கள். திரை தூங்கிவிடக் கூடாது. லிஃப்ட்காரர் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் போட்டார், அது தன் இஷ்டத்துக்கு எதையாவது புதுப்பித்துக்கொண்டு அணைந்து தொலைக்கப் போகிறதே என்று. யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கி மாட்டினார். திரையில் வாஷிங் மெஷின் படங்களும் அவள் தட்டிவைத்த ஒரு குறிப்புப் பக்கமும் திறந்தபடியே கிடந்தன. அம்மா தினமும் தூசி துடைத்தாள், ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தோம் என்று அவளும் லிஃப்ட்காரரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

ஜெனரேட்டர் வந்த மறுநாள் புயல் அடித்தது, காலை பத்தே காலுக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பேட்டரி தாங்குவது இருபத்தைந்து நிமிஷம்.

ஜெனரேட்டர் பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில், ஜன்னலை விட்டுத் தள்ளி, புகை வெளியே போகிற மாதிரி நின்றது. லிஃப்ட்காரர் கயிற்றை இழுத்து ஓடவிட்டார். ஓடவிட்டுவிட்டுச் சும்மா நின்றார். எதையும் சொருகவில்லை. எஞ்சின் சூடேறி நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தார். பக்கத்தில் ஜெராக்ஸ் மாமா நெருப்பை மிதித்தவர் போலத் துள்ளிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் கழித்து மீட்டரை வைத்துப் பார்த்து, எஞ்சின் வேகத் திருகை அரைச் சுற்றுக் குறைத்து, மறுபடி பார்த்து, அப்புறம்தான் வயரைச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோனார்.

யூபிஎஸ் அந்த மின்சாரத்தை ஒரு நிமிஷம் வாங்கிக்கொண்டது. பிறகு டக் என்று துப்பிவிட்டு மறுபடி பேட்டரிக்குப் போனது. மறுபடி வாங்கியது, மறுபடி துப்பியது. சுமையே இல்லாத எஞ்சின் ஒரே சீராக ஓடாது, மூச்சு வாங்கும். மின்சாரமும் கூடவே ஏறி இறங்கும். அழுக்கு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு விடாமல் தடுப்பதற்காகத்தானே அந்தப் பெட்டி இருக்கிறது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, அவ்வளவுதான்.

யூபிஎஸ்ஸைத் தூக்கிக் கடாசிவிட்டு நேராகச் சொருகுங்கள் என்றார் ஜெராக்ஸ் மாமா. அப்படி நேராகச் சொருகிக் கருகிய போர்டுகளை லிஃப்ட்காரர் சாக்குச் சாக்காகப் பார்த்தவர். எஞ்சின் நிதானமாக இழுக்க அதற்கு ஒரு பாரம் வேண்டும். இஸ்திரிப் பெட்டியைச் சொருகிப் பார்த்தார். அது சூடேறியதும் தானே அணைந்து, ஆறியதும் தானே எரிய, ஒவ்வொரு முறையும் யூபிஎஸ் டக் என்றது. பேட்டரியில் ஒன்பது நிமிஷம் மீதி. அப்போதுதான் பரணில் இருந்த பழைய கரண்ட் அடுப்பு ஞாபகம் வந்தது. சுருள் கம்பி வெளியே தெரியும் அடுப்பு. அதற்குத் தானாக அணையத் தெரியாது. தூசியோடு இறக்கி, சொருகி, மேலே ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்தார். கம்பி சிவந்தது. எஞ்சின் சத்தம் கனத்து, சீரானது. யூபிஎஸ் கடைசியாக ஒரு தடவை டக் என்றுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அவர் மனைவி அறை வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே போய் மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் மெஷின்கள் வரிசையாகத் தெரிந்தன. லிஃப்ட்காரருக்கு அப்போதும் சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. ஒரு வேலை முடிந்தது என்று தோன்றியது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நாள் முழுக்க வெந்நீர்தான். அடுப்பை அணைக்க முடியாது, வெறும் அடுப்பாக விடவும் மனசு வராது. தெருவே இருண்டு ஈரமாகக் கிடந்தபோது இங்கே மட்டும் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டம்மா கைக்குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு வாளி வாங்கிப்போனாள். எதிர்வீட்டுக்காரர் பிளாஸ்க்கோடு வந்தார். ஜெனரேட்டர் வைத்து வெந்நீர் காய்ச்சுகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், அறைக்குள் எரியும் திரையைப் பார்த்துவிட்டு, பிளாஸ்க்கின் மூடியைத் திருகுவதில் மும்முரமாகிவிட்டார்.

வெந்நீருக்கு விலை பெட்ரோல். அடுப்பு இழுக்கிற இழுப்புக்கு டேங்க் மளமளவென்று இறங்கியது. மத்தியானம் ஜெராக்ஸ் மாமா கேனோடு கிளம்பினார். மூன்று மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. முதல் வார்த்தையிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார், அதிலேயே நிலைமை தெரிந்தது. பெட்ரோல் பங்க்குகளிலும் மின்சாரம் இல்லை. தரைக்கு அடியில் பெட்ரோல் நிறைய இருக்கிறது, மேலே எடுக்க வழியில்லை. நாளைக்குத்தான் என்றார்.

லிஃப்ட்காரர் போனை வைத்துவிட்டு டேங்க்கைத் திறந்து பார்த்தார். இன்னும் முக்கால் மணி நேரம் ஓடும்.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாகச் சாகும்வரை விடக்கூடாது. சாகிறபோது அது விக்கும். விக்கிவிக்கி அணையும், பிடிக்கும், அணையும். காலையிலிருந்து அடிபட்ட பேட்டரி அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் பட்டென்று போனால் அந்த டிஸ்க்கே போய்விடலாம். அவளுடைய படங்கள், ஆறு வருஷத்து வேலை எல்லாம் அதில்தான். முதலில் சுமைகளை இறக்கவேண்டும், கடைசியில்தான் எஞ்சினை நிறுத்தவேண்டும். இந்தப் பாடத்தைப் புது ஆட்களுக்கு அவர் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார். மனைவியிடம் சொல்ல மட்டும் அரை மணி நேரம் ஆனது.

"பெட்ரோல் இல்லம்மா. நாமளா அணைச்சிட்டா உள்ள இருக்கிறதாவது பத்திரமா இருக்கும். தானா அணைஞ்சா எல்லாம் போயிடும்."

அவள் அவரையே பார்த்தாள். பாஸ்வேர்ட் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம், டிஸ்க் இருந்தால்தானே பூட்டைத் திறக்க முடியும் என்று பதிலும் தயாராக வைத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை.

"எப்படி அணைக்கிறது? சொல்லுங்க, நானே அணைக்கிறேன்" என்றாள்.

பாப்பாவின் நாற்காலியில் நான்கு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு மெஷின் படத்தையும் மூடினாள். கடைசியில் அந்தப் பக்கம் நின்றது. எழுதியதைச் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்டது. சேமி என்றதும் என்ன பெயர் என்று கேட்டது. அவள் கை நின்றுவிட்டது. பெயரைப் போட வேண்டிய இடத்தில் முதல் வரியை அதுவே எடுத்து வைத்திருந்தது: அம்மாவுக்கு மெஷின். இதுவே இருக்கட்டும் என்றார் லிஃப்ட்காரர். பக்கம் மூடுவதற்குள் கடைசி வரியை இருவருமே படித்தார்கள். மூன்றாவது மெஷின் சத்தம் போடாது, ஆனால் அகலம் அறுபது சென்டிமீட்டர், சமையலறைச் சந்தில் நுழையுமா, அளந்து பார்க்கவேண்டும் என்று இருந்தது.

கம்ப்யூட்டர் அணைந்தது. யூபிஎஸ், பிறகு அடுப்பு, பிறகு பின்கட்டில் எஞ்சின். எல்லாம் வரிசைப்படி முடிந்தது. அந்த அறையில் இவ்வளவு நாளாக மின்விசிறிச் சத்தம் ஒன்று இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. இதைத்தான் வயிற்றெரிச்சல் என்பது. ஆனால் லிஃப்ட்காரருக்கு வயிறு எரியவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார். திரும்பி வரும் மின்சாரம் முதல் அரை மணி நேரம் குதிக்கும். அந்த அரை மணியையும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிறகு யூபிஎஸ்ஸைப் போட்டார். கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கிவிட்டு, பூட்டு வரும், அதன் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பூட்டு வரவில்லை. நீல நிறத் திரை நேராகத் திறந்து, பாப்பாவின் கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அம்மாவுக்கு மெஷின் என்பதும் ஓரத்தில் இருந்தது.

"எதையும் கேக்கலையே" என்றார்.

"கேக்காது." மனைவி வாசலில் நின்றிருந்தாள். "தினமும் காலையில அவ இதைப் போடறப்ப நான் பின்னால நின்னு தலை பின்னி விடுவேன். ஒருநாளும் அது எதையும் கேட்டதில்ல."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பூட்டு இருக்குன்னு சொன்னாத்தான் நீங்க அணைக்க மாட்டீங்க. ராத்திரி படுக்கும்போதுதான் அவ அணைப்பா. அன்னிக்கு அணைக்காமப் போனா. பத்து நிமிஷத்துல வந்துடுவேன்னுதானே போனா" என்றாள்.

லிஃப்ட்காரருக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. புது பேட்டரி, பிடுங்கிப் போட்ட வயர், அந்த அடுப்பு, ஒரு டேங்க் பெட்ரோல், எல்லாமே இல்லாத ஒரு பூட்டுக்காக. வரவில்லை. எழுந்து போய் வேலைப் பையைத் திறந்து, அடியில் கையை விட்டு, அந்த டேப்பை எடுத்தார். சமையலறைச் சந்தில் முழங்காலிட்டு, சுவரிலிருந்து மேடை வரைக்கும் இழுத்துப் பிடித்தார். இரண்டு தடவை அளந்தார்.

"அறுபத்தி ரெண்டு" என்று அறையைப் பார்த்துச் சொன்னார். டேப்பைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, நான்கு மாதத்தில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதார்.

உள்ளே அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, கடைசி வரிக்குக் கீழே எழுதினாள். அறுபத்திரண்டு. நுழையும். சேமிக்கவா என்று கேட்டது, சேமித்தாள். பிறகு அவர் சொல்லிக் கொடுத்தபடியே, வரிசையாக, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.