பெரியவர் எழுந்து போன கூட்டம்

இஸ்திரிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பெரியவர் மூன்று தடவை படித்தார். சாலையை அகலப்படுத்துவதற்காக இந்தக் கடையும் பின்னாலிருக்கும் வீடும் இன்று மாலை நான்கு மணிக்கு இடிக்கப்படும், அதற்குள் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்று மூன்று தடவையும் அது அதையேதான் சொன்னது.

“எவனோ தப்பா ஒட்டிட்டுப் போயிருக்கான்.”

இஸ்திரிக்காரி ஒரு சட்டைக் காலரை மடித்துக்கொண்டே தலையாட்டினாள். “நானும் அதான் நெனச்சேன் ஐயா. மூட்டை கட்டு, மூட்டை கட்டுன்னு இவரு காலையிலயே ஆரம்பிச்சுட்டாரு. வாயை மூடிட்டுப் படுங்க, ஐயாதான் அன்னைக்கே எழுந்து வந்துட்டாரேன்னு அதட்டி வச்சேன்.”

உள்ளே கட்டிலில் வருஷக்கணக்காகப் படுத்திருக்கும் அவள் புருஷன் இருமினான்.

எழுந்து வந்தது உண்மைதான். அந்த ஊரில் பரம்பரையாகத் தலைமை பார்க்கும் குடும்பம் பெரியவருடையது. அவர் வீட்டுக் கூடத்தில் ஊர் கூடிப் பேசும்போது பிடிக்காத பேச்சு வந்தால் அவர் வாயைத் திறந்து மறுக்க மாட்டார். எழுந்து உள்ளே போய்விடுவார். அதோடு அந்தப் பேச்சு செத்தது. மறுபடி எடுக்க ஒருத்தனுக்கும் தைரியம் வராது. அவருடைய அப்பாவும் அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுச் சட்டம் வந்து, தேர்தலில் ஜெயித்தவர்கள் உட்காரும் மன்றத்தில் ஊர்த்தலைவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். ஓட்டும் கொடுத்தார்கள். பதினான்கு கூட்டத்துக்குப் போனவர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. கை தூக்குவது கேட்டு வாங்குகிறவன் வேலை என்பது அவர் எண்ணம். போன மாதம் சாலைப் பேச்சு வந்ததும் ஜம்மென்று எழுந்தார், வெளியே வந்தார், நேரே இஸ்திரிக் கடைக்குப் போய், “கவலையை விடும்மா, முடிச்சுட்டேன்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இப்போது மன்ற அலுவலகத்துக்கு வேகவேகமாக நடந்தார். மனசுக்குள் ஏதோ அரித்தது.

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். வேண்டும் என்று ஐந்து பேர். வேண்டாம் என்று நான்கு பேர். பெரியவர் பெயருக்கு எதிரே ‘அவையில் இல்லை’ என்று எழுதியிருந்தது.

“அவையில் இல்லையா? எல்லார் கண்ணு முன்னாடியும்தானேய்யா எழுந்து போனேன்!”

எழுத்தர் கூச்சத்தோடு பேனா மூடியைத் திருகினார். “பாத்ரூம் போறீங்கன்னு நெனச்சோம் ஐயா.”

அட கொடுமையே! மூன்று தலைமுறை மரியாதை இரண்டு வார்த்தையில் தரைமட்டமானது.

மன்றத் தலைவி உள்ளறையிலிருந்து வந்தாள். மருந்துக்கடை வைத்திருந்து தேர்தலில் ஜெயித்தவள். பெரியவருக்குத் தங்கை மகள். “நானும் வேண்டாம்னுதான் மாமா கை தூக்கினேன். உங்க கையும் சேர்ந்திருந்தா அஞ்சுக்கு அஞ்சு. சமமா வந்தா தீர்மானம் தோத்துரும், அதான் விதி. உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். சாப்பிட்டுட்டு நல்லாத் தூங்குறீங்கன்னு அத்தை சொல்லி அனுப்பிட்டாங்க.”

“இப்ப தூக்குறேன். எழுதிக்கம்மா.” அவர் கை தானாக மேலே போனது. எழுபத்தொரு வயதில் முதல் தடவை. “பாரு, தூக்கிட்டேன்.”

“மாமா, கையை இறக்குங்க.”

“ஒரு வார்த்தை எழுதும்மா, உன் கால்ல வேணும்னாலும்...”

“இறக்குங்க மாமா, ப்ளீஸ்.” அவள் அழுதுவிட்டாள். “மேலிடத்துல கையெழுத்தாகி வந்துருச்சு. இனிமே என்னாலயும் ஒண்ணும் முடியாது.”

அவர் திரும்பி வந்தபோது மணி மூன்றேகால். இடிக்கும் இயந்திரம் தெருமுனையில் வந்து நின்றிருந்தது. இஸ்திரிக்காரி இன்னும் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்தவில்லை. படுபாவி, அவள் மூட்டை கட்டாததற்கும் நான்தானே காரணம் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

“என் தப்பும்மா,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். கை தூக்காததைச் சொன்னார், தூங்கியதையும் சொன்னார். அவள் அவரைத் திட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். ஓடிப் போய் எதிர்வீட்டுத் தள்ளுவண்டியைக் கேட்டு இழுத்து வந்தாள்.

பெரியவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடைக்குள் கிடந்த மர நாற்காலியை இழுத்து வாசலில் நடுவாகப் போட்டு உட்கார்ந்தார். கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எவன் வந்தாலும் சரி. இந்தத் தடவை நான் எழுந்திருக்க மாட்டேன். என் மேல ஏத்திட்டு இடிக்கட்டும்!”

உள்ளேயிருந்து இஸ்திரிக்காரியும் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டிலைப் புருஷனோடு தூக்கிக்கொண்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். வாசல் அகலமே அவ்வளவுதான். அவரைத் தாண்ட வழியில்லை. கட்டிலின் கனத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

தெருமுனையில் இயந்திரம் உறுமிக் கிளம்பியது.

“ஐயா,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “கொஞ்சம் எழுந்திருங்க. இவரை வெளிய கொண்டு போகணும். அந்த நாற்காலியையும் வண்டியில ஏத்தணும்.”