அரைக்கால் இன்ச்சா, பத்து மில்லியா?

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகம் உள்ளவர்கள் குவீன் தெருக் கோயிலுக்கு வரட்டும். கற்பூரத்தைக் கையால் அணைத்தே சொல்லப்படும்.

அய்யாக்கண்ணு வேன் ஓட்டுகிறவர். பதினோரு பெண்களைத் தினமும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போய் இறக்குவது பதினெட்டு வருடத் தொழில். யாரையும் நம்பமாட்டார். தன் நிழல் தனக்கு முன்னால் போனால்கூட, எங்கே இவ்வளவு அவசரம் என்று விசாரித்துவிட்டுத்தான் பின்னால் நடப்பார்.

போன மாதம் அவருடைய ஆட்டோ கியர் வேன் நடுச்சாலையில் புகைந்து நின்றது. கியர் எண்ணெய் கொதித்துவிட்டது. தொழிற்சாலையில் வண்டிகளைக் கவனிக்கும் ரோஹானா கறாராகச் சொல்லிவிட்டாள். "அண்ணே, கியர் சூட்டைக் காட்டுற சென்சர் மாட்டி, திங்கக்கெழம ரெண்டு மணிக்குக் காலை ஷிப்டு விடுறதுக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா ரூட் வேற வேனுக்குப் போயிரும்லா."

திங்கள் காலை எட்டு மணிக்கே அலாவுதீன் பாயின் பட்டறையில் வேன் நின்றது. பாய் எண்ணெயை வடித்தார். கியர்பாக்ஸின் அடித்தட்டில் இருந்த பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டையில் புது சென்சரைக் கையால் திருகினார். இரண்டு சுற்று போயிற்று. மூன்றாவதில் நின்றுவிட்டது.

"முறுக்கக் கூடாதுண்ணே, தட்டு வீணாயிரும். திரெட், அதான் மரை, வேற."

"பெட்டியில பத்து மில்லிமீட்டர்னுதானே போட்டிருக்கு?"

பாய் பழைய பிளக்கை வெர்னியர் அளவுகோலில் பிடித்தார். நுனியில் பத்துக்கு மயிரிழை குறைவு. தலைப்பக்கம் பத்தே கால்.

"பாத்தீங்களா? நுனி ஒல்லி, தலைகிட்ட குண்டு. இது அரைக்கால் இன்ச் பைப் திரெட். பைப்புக்கு அந்த அளவு உள்துவாரத்துக்கு, வெளிய பத்து மில்லி கிட்ட வரும். அதுவும் பத்து மில்லியும் பங்காளி மாதிரி. ரெண்டு சுத்து வரைக்கும் சிரிச்சுப் பேசும், மூணாவதுல வெட்டுக்குத்து."

அய்யாக்கண்ணுவுக்குப் பொறி தட்டியது. போன வருடம் இதே பிளக் பத்து மில்லி என்று இதே பாய்தான் சொன்னார். மில்லி எப்படி இன்ச்சாகும்? ஒரே ஒரு வழிதான் உண்டு.

"பாய், என் கியர்பாக்ஸ் எங்க?"

"வேனுக்கு அடியில தொங்குது."

"அது யாரோடது?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். அய்யாக்கண்ணு வெர்னியரைப் பிடுங்கிக்கொண்டு முக்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார். தேநீர் வந்தது, கோப்பையை அளந்து பார்த்த பிறகே குடித்தார். பதினோரு மணிக்குள் பட்டறையில் இருந்த அத்தனை போல்ட்டையும், ஒரு பூனையையும், வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாண மோதிரத்தையும் அளந்து முடித்தார். அந்த மனிதர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே வீட்டுக்குப் போனார்.

ரோஷம் வந்த பாய், மரையின் இடைவெளியைப் பார்க்கும் பல் தகடுகளை எடுத்துவந்தார். அரைக்கால் இன்ச் பைப்புக்கான தகட்டைப் பிளக்கின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பல்லிடுக்கில் வெளிச்சம் ஒழுகியது. பத்து மில்லி மரைக்கு உரிய ஒரு மில்லி இடைவெளித் தகட்டை வைத்தார். அதிலும் ஒழுகியது. இப்போது பாயின் பார்வை மாறியது.

"அண்ணே, நீங்கதான் எவன் பிளக்கையோ கொண்டாந்து மாட்டிட்டு, எனக்கு மரை கழண்டுச்சான்னு பாக்குறீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். முறைத்தபடியே பாய் பிளக்கின் மரையை நகத்தால் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

"இது சந்தன வாசமால்ல இருக்கு?"

அய்யாக்கண்ணு வாழ்க்கையில் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார்.

"போன ஆயுத பூசைக்கு... எண்ணெய் மாத்துறப்ப நீங்க ஜும்மாவுக்குப் போயிட்டீங்க. டயர், ஸ்டீரிங் எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். உள்ளாற இருக்கிறது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? பிளக்குக்கும் ஓட்டைக்கும் நல்லா அப்பி நானே மூடிட்டேன்."

ஒரு வருடச் சூட்டில் வெந்து சந்தனம் கல்லாகியிருந்தது. தலைப்பக்கம் அதிகம் அப்பியதால் அங்கே குண்டு.

"யா அல்லா! காலையிலேருந்து நான் சந்தனத்துக்கா அளவெடுத்தேன்?"

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிளக்கையும் ஓட்டையையும் தேய்த்துக் கழுவினார்கள். ஒரு மில்லித் தகடு மரையில் பொருந்தி உட்கார்ந்தது. மருந்துக்கும் வெளிச்சம் இல்லை. சென்சர் கையாலேயே கடைசிச் சுற்றுவரை போய், செம்பு வாஷரில் சமர்த்தாக அமர்ந்தது.

புது எண்ணெய் ஊற்றியதும், ஒன்றரை மணிக்கு வேன் கிளம்பியது. எண்ணெய் சூடேறச் சூடேற மிச்சச் சந்தனம் மணந்தது. ஜெலுத்தோங் சிக்னல் விளக்கில் மோட்டார்சைக்கிள்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும்போது, தேர் ஊர்வலம் என்று நினைத்து முப்பத்தேழு கார்கள் பின்னால் வந்துகொண்டிருந்தன.

ரோஹானா மீட்டரைப் பார்த்தாள். எண்பத்திரண்டு டிகிரி, முள் ஆடவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணே, உள்ள எதையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

அவள் தாளில் கையெழுத்துப் போட்டாள். "ரூட் ஒங்களுக்குத்தான். போய் ஆளுங்கள ஏத்துங்க."

இவ்வளவு சீக்கிரம் ஏன் கையெழுத்துப் போட்டாள் என்று யோசித்தபடியே அய்யாக்கண்ணு வேனில் ஏறினார்.

சத்தியத்தில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று: அந்த வேனில் ஆட்டோ கியரே கிடையாது, அது கிளட்ச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றுகிற வேன்.