பதினோரு தடவை போலீஸ் வந்த இசைக்குழு

அமெரிக்காவின் கடுங்குளிர்ப் பகுதியான டுலூத் நகரின் காபிக் கடையில் சனிக்கிழமை காலை ஒரே வாக்குவாதம். இதுவரை வந்த அமெரிக்க இசைக்குழுக்களில் தலைசிறந்தது எது? சியாட்டில் குழு என்றார் ஒருவர். ஒஹையோ குழு என்றார் இன்னொருவர். முப்பது வருடங்களுக்கு முன் தன் கராஜில் தான் நடத்திய குழுவை யாராவது ஒரு தடவை சொல்லமாட்டார்களா என்று ஆரின் என்பவர் ஏங்கிக்கொண்டிருந்தார். அந்நாளில் அவர் டிரம்ஸ் அடித்தால் உறைந்த ஏரி விரிசல் விடும். மீன்கள் தாமே மீன்பிடிப்பவர்களின் வாளியில் வந்து விழும்.

பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தார். "நாங்க வாசிச்சப்போ தெருவுக்குள்ள பதினோரு தடவை போலீஸ் வண்டி வந்துச்சு. வேற எவனுக்குடா அந்தப் பெருமை இருக்கு?"

"சத்தம் தாங்காமக் கூப்பிட்டிருப்பாங்கடா!" கடையே சிரித்தது.

ஆரின், தன் பக்கத்து வீட்டுக்காரர் லைல் பக்கம் திரும்பி முறைத்தார். "நீதானே போன் பண்ணே?"

லைல் பான்கேக்கை நிதானமாக மென்று விழுங்கினார். "என் பொண்டாட்டி. ஜனவரி மாசம், மைனஸ் இருபது டிகிரி குளிர். உன் பாட்டைக் கேக்க ஜன்னலைத் திறந்து வச்சேன், மூடமாட்டேன்னுட்டேன். அவ போலீசைக் கூப்பிட்டது என்மேல புகார் குடுக்கத்தான்."

"பதினோரு தடவையுமா?"

"பதினோரு தடவையும்."

அதற்குப் பிறகு சியாட்டிலை யார் எவ்வளவு புகழ்ந்தாலும் ஆரின் பெருந்தன்மையோடு தலையாட்டினார்.